வரிசையில் நம் வீட்டுக் குடம்

கேம்ப், புது தில்லி
2 ஏப்ரல் 2024

பிரபாவுக்கு உன் ஆயா வீராயி எழுதுவது.

சுகமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து போனதிலிருந்து எனக்குச் சுகமில்லை. நீ ஓயாமல் போன் பண்ணுகிறாய் என்று உன் அம்மா சொல்கிறாள். எடுக்க மாட்டேன். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை இங்கிலீஷில் சொல்லி வாயை அடைத்துவிடுவாய். எழுத்தில் அது நடக்காது. நான் அஞ்சாவதோடு நின்றவள்தான். ஆனால் அந்த அஞ்சையும் ஒழுங்காகப் படித்தவள். உன் அம்மா செல்விக்குத் தன் பெயரைக்கூடத் தமிழில் எழுத்துக்கூட்ட வராது, அதனால் தைரியமாக அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உன் விடுதிக்குப் பக்கத்து வீடுகளில்தானே பாத்திரம் தேய்க்கிறாள்.

போன கோடை லீவில் நீ வந்து, தண்ணீர் டேங்கர் வரும்போதெல்லாம் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். யார் எப்போது வந்தார்கள், யாருக்கு எப்போது குழாய் கிடைத்தது என்று. உனக்கு நிழலில் நாற்காலி போட்டது யார்? "என் பேத்தி வரிசையைப் பத்தியே பெரிய கணக்குப் படிக்கிறா, டாக்டர் பட்டம் வாங்கப் போறா, அவளை மறைச்சுக்கிட்டு நிக்காதீங்கடி" என்று கத்தியது யார்? வெயிலில் உனக்கு இரண்டு முறை டீ கொண்டுவந்து கொடுத்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை அந்த லேப்டாப்பைத் திறந்து வைத்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினாய். "இந்த வரிசையின் ஒழுங்கைத் தீர்மானிக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் தனக்கு வேண்டியவர்களை முன்னால் விடுகிறார்." சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்த ஆள் உன் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்பது உனக்கு உறைக்கவே இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். உன் புத்தகத்தை ஜூன் மாதம் கொடுக்க வேண்டும் என்றாயே, அதற்குள் நம் குடிசைக் கேம்ப்பைப் பற்றிய பகுதியை எடுத்துவிடு. உலகத்தில் வேறு வரிசையே இல்லையா? ஆஸ்பத்திரியில் நிற்கிறார்கள், ரேஷன் கடையில் நிற்கிறார்கள். அங்கே போய் எழுது. எடுக்கவில்லை என்றால் உன் வாய்ப் பரீட்சைக்கு நான் வர மாட்டேன். நீயும் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே.

வீராயி


ஆய்வு மாணவியர் விடுதி, புது தில்லி
9 ஏப்ரல் 2024

அன்புள்ள ஆயா,

பள்ளியை விட்ட பிறகு நான் தமிழில் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. பிழை இருந்தால் திட்டாதே. வேறு எதற்காவது திட்டு.

உன் பெயர் அதில் எங்கேயும் இல்லை. கேம்ப்பின் பெயரும் இல்லை. நீ திருடி என்றும் நான் எழுதவில்லை. அன்று வாசித்துக் காட்டியது என் தவறு, அல்லது வாசித்த விதம் தவறு. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். உன் வரிசை ஒரு ஆய்வேட்டில் வந்திருக்கிறதே என்று.

அந்தப் பகுதி என்ன சொல்கிறது என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீயே சொல். குழாய் ஒன்று, அதன் வேகம் ஒன்று, எல்லோருக்கும் அதே அளவு குடம். அப்படியானால் நீ யாரை முன்னால் விட்டாலும், யாரைப் பின்னால் தள்ளினாலும், எல்லோரும் நிற்கும் நேரத்தைக் கூட்டினால் வருவது மாறாது. ஒருத்திக்கு நீ மிச்சப்படுத்திக் கொடுக்கும் நேரம் காணாமல் போவதில்லை, அது இன்னொருத்தி தலையில் போய் ஏறுகிறது. இது நான் கண்டுபிடித்தது இல்லை, பழைய தேற்றம். நான் பார்த்தது, யார் தலையில் ஏறுகிறது என்பதை மட்டும்.

வரிசை தற்செயலாக அமைந்தால் கடைசியில் நிற்பவள் இன்று ஒருத்தி, நாளை வேறொருத்தி என்று இருக்கும். நம் கேம்ப்பில் அப்படி இல்லை. கடைசியில் நிற்பது எப்போதும் பின் சந்து வீடுகள்தான். டேங்கர் காலியாகும்போது வெறும் குடத்தோடு திரும்புவதும் அவர்கள்தான். இது தற்செயலாக நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டேன். இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

இதை எடுக்கச் சொல்கிறாய். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் காகிதத்திலேயே பிறந்தவை. இது ஒன்றுதான் உண்மையான மனிதர்கள் நின்ற வரிசை. இதை எடுத்தால் நான் ஆறு வருடம் செய்ததில் எனக்கே நம்பிக்கை இருக்காது. எடுக்க மாட்டேன், ஆயா. தயவுசெய்து போனை எடு.

பிரபா


கேம்ப்
16 ஏப்ரல் 2024

பிரபாவுக்கு.

உன் தமிழில் பிழை இல்லை. மரியாதைதான் இல்லை.

பின் சந்து, பின் சந்து என்று எழுதியிருக்கிறாயே, அவர்கள் எப்போது வந்தவர்கள் என்று தெரியுமா? நாங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, சாக்கடை மேட்டில் தார்ப்பாய் கட்டிக் குடியேறி, புல்டோசர் வந்து இடித்து, மறுபடி கட்டி, அதற்கும் பிறகு வந்தவர்கள் அவர்கள். டேங்கர் எப்படி வந்தது? தானாக வழி கேட்டுக்கொண்டு வந்ததா? காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் உட்கார்ந்தோம். போலீஸ்காரன் லத்தியால் என் குடத்தை நசுக்கினான். நசுங்கிய குடத்தோடு மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அப்புறம்தான் அதிகாரி இறங்கி வந்தார்.

டேங்கர் வந்த புதிதில் வரிசை ஏது? ஆளாளுக்கு ரப்பர் குழாயைச் சொருகிக்கொண்டு தலைமுடியைப் பிடித்து அடித்துக்கொண்டார்கள். ஒரு குழாய், ஒரு வரிசை என்று ஆக்கியது நான். வீட்டு வேலைக்கு ஓடுகிறவள் குடத்தை மட்டும் வைத்துவிட்டுப் போகலாம், அவள் குடத்தை நான் காலால் நகர்த்திக்கொண்டே வருவேன், நிரப்பி ஓரம் வைப்பேன். யாருடைய குடமாவது காணாமல் போனதுண்டா? பிள்ளை பெற்றவளை முன்னால் விட்டேன். காய்ச்சல்காரியை விட்டேன். ரோட்டில் உட்கார்ந்தவர்களையும் முன்னால் விட்டேன். அது எப்படித் தப்பாகும்? பஸ்ஸில் முதலில் ஏறினவனுக்குத்தான் சீட்டு.

இன்னும் ஒன்று கேட்கிறேன். பத்தாவதும் பன்னிரண்டாவதும் நீ எங்கே உட்கார்ந்து படித்தாய்? இந்தக் கேம்ப்பில் உன் வயசுப் பெண் எல்லாம் டேங்கர் பின்னால் ஓடும்போது நீ ஒரு நாள் குடம் தூக்கினாயா? உன் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நம் வீட்டுக் குடம் மட்டும் எப்படி முதல் சுற்றிலேயே நிரம்பியது? நீ கண்ணை மூடிக்கொண்டு பார்முலா சொல்லிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரிந்திருக்காது. உன்னைப் படிக்க வைத்ததே அந்த வரிசைதான்டி. அதைப் போட்டாயா உன் கணக்கில்? என்னைப் பற்றி எழுதத் தெரிந்தவளுக்கு அதை எழுதக் கை வரவில்லையா?

எடுத்துவிடு. இன்னும் நேரம் இருக்கிறது.

வீராயி


விடுதி
19 மே 2024

ஆயா,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. வேலை செய்துகொண்டிருந்தேன்.

அதை என் கணக்கில் போட்டேனா என்று கேட்டாய். போடவில்லை. நான் சந்து சந்தாகத்தான் பார்த்திருந்தேன், வீடு வீடாகப் பார்க்கவில்லை. உன் கடிதத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தேன். மொத்தக் கேம்ப்பிலும் மிகக் குறைவாகக் காத்திருந்த குடம் நம் வீட்டுக் குடம். இரண்டாவது இடத்தில் இருப்பவர்கள் நமக்குப் பக்கத்தில்கூட இல்லை. நம் வீட்டிலிருந்து வரிசையில் யாருமே நிற்கவில்லை, ஆனால் நம் குடம் எப்போதும் முன்னால் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, அது கண் முன்னால் நடக்கும்போதே எழுதியிருக்கிறேன். பார்க்கவில்லை.

அந்த நேரம் யார் தலையில் ஏறியது என்றும் பார்த்தேன். ஜலஜா வீடு. பின் சந்தின் கடைசி வீடு. ஜலஜா என் வகுப்பில் படித்தாள், உனக்கு நினைவிருக்கும். அவள் அம்மா விடிவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போய்விடுவாள், ஜலஜாதான் தண்ணீருக்கு நிற்க வேண்டும். முதலில் பள்ளிக்குத் தாமதமாக வந்தாள், பிறகு பாதி நாள் வந்தாள், ஒன்பதாவதில் நின்றுவிட்டாள். படிப்பில் அவள் சுமார்தான். சுமாராகப் படிக்கிறவளுக்கும் பள்ளிக்கூடம் போக நேரம் வேண்டும் இல்லையா? இப்போது சரோஜினி நகரில் துணிக் கடையில் நிற்கிறாள். அங்கேயும் நிற்கத்தான் செய்கிறாள். அந்த வருடங்களின் கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் வரிசையின் முறை அன்றும் இதேதான் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

நீ கேட்டபடி எழுதிவிட்டேன். அத்தியாயத்தின் கடைசியில் ஒரு பத்தி: மிகக் குறைவாகக் காத்திருந்த வீடு ஆய்வாளரின் சொந்த வீடு என்று. என் வழிகாட்டி மேதா மேடம், "இது தேவையில்லை பிரபா, உன்னையே நீ குத்திக்கொள்கிறாய்" என்றார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நாளை மறுநாள் சமர்ப்பிக்கிறேன்.

பிரபா


கேம்ப்
5 ஜூன் 2024

பிரபாவுக்கு.

உன் கடிதத்தை வாசித்த கையோடு ஜலஜாவைத் தேடிப் போனேன். பின் சந்தில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, என் பேத்திகிட்ட என்னடி சொல்லி வச்ச?" என்று கேட்டேன்.

"நான் எங்க ஆயா பேசுனேன்? அவ என்னைப் பாத்தா ஹாய்னு கையாட்டிட்டுப் போறவ."

"அப்புறம் எப்படி உன் பேரு அவ வாயில வருது?"

"என் பேரா? எதுக்கு?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, கோபத்தில் சொல்லிவிட்டேன். அவள் கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். அப்புறம் சிரித்தாளே ஒரு சிரிப்பு.

"அட, இதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை வருஷம் காலேஜுக்குப் போனாளா? எங்கிட்ட வந்திருந்தா ஒரு டீ குடிக்கிற நேரத்துல சொல்லியிருப்பேனே! டீயையும் நானே வாங்கித் தந்திருப்பேன்."

சந்தே சிரித்தது. கைப்பிள்ளைக்காரியாக இருந்தபோது நான் முன்னால் விட்டவள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் திரும்பி நடந்தேன். முதுகில் அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டு வீடு வரை வந்தேன்.

அது போதாதென்று போன திங்கட்கிழமை டேங்கரோடு ஒரு ஆள் வந்தான். கையில் பிளாஸ்டிக் வில்லைகள், எண் போட்டது. முதலில் வருகிறவளுக்கு முதல் எண். ஆள் நின்றால்தான் எண், குடம் வைத்தால் செல்லாது என்றான். "யாரு பையா உன்னை அனுப்புனது?" என்று கேட்டேன். தண்ணீர் ஆபீஸ் உத்தரவு, காலேஜில் யாரோ மேடம் படித்துச் சொன்னார்களாம். "நீங்க ஓரமா நில்லுங்க மாஜி" என்று இந்திக்காரர்கள் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு என் தோளைத் தொட்டு நகர்த்தினான். பிரபா, அந்தத் தெருவில் இதுவரை என்னை யாரும் நகர்த்தியதில்லை. லத்தி வைத்திருந்தவனால்கூட முடியவில்லை.

இப்போது வேலைக்குப் போகிறவர்கள் பாடு என்ன தெரியுமா? எண்ணுக்கு நின்றால் வேலை போகிறது, வேலைக்குப் போனால் தண்ணீர் போகிறது. பின் சந்துக்காரிகளுக்கு மட்டும் கொண்டாட்டம். இதுதான் நீ கேட்ட நியாயமா?

நீ புத்தகத்தைக் கொடுத்தாயிற்று. நான் சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

வீராயி


விடுதி
15 ஜூன் 2024

அன்புள்ள ஆயா,

வில்லையை நான் அனுப்பவில்லை. மேதா மேடம் ஒரு கூட்டத்தில் என் முடிவுகளைப் பேசியிருக்கிறார், அங்கே தண்ணீர் ஆபீஸ்காரர்கள் இருந்திருக்கிறார்கள். எனக்கு முன்பே தெரியும். தடுக்கவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

நான் எழுதியிருந்தது வேறு. முதலில் வருகிறவளுக்கு முதலில் என்பது எல்லோரையும் ஏறக்குறைய ஒரே அளவு காக்க வைக்கும், ஆனால் வேலைக்கு ஓடுகிறவளின் நேரமும் வீட்டில் இருப்பவளின் நேரமும் ஒன்றல்ல. அதனால் குடம் வைக்கும் வழக்கம் அப்படியே இருக்கட்டும், எந்தச் சந்து முன்னால் என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறட்டும், அதை நடத்தக் கேம்ப்பிலிருந்தே ஒருவர் வேண்டும் என்று எழுதினேன். அதை எழுதும்போது உன்னைத்தான் நினைத்தேன். ஆபீஸ்காரர்களுக்கு அது சிக்கலாக இருந்திருக்கும். வில்லை சுலபம். மேடத்திடம் சொல்லியிருக்கிறேன், அவர் மறுபடி பேசிப் பார்க்கிறேன் என்கிறார். நடக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

உன் தோளைத் தொட்டு நகர்த்தினான் என்று வாசித்தபோது என்னால் உட்கார முடியவில்லை. நீ நம்பமாட்டாய்.

ஜூலை 9, காலை பத்து மணிக்கு என் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். முன் வரிசையில் இரண்டு நாற்காலி கேட்டிருக்கிறேன். நீ பேச வேண்டாம். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். வந்து உட்கார்ந்தால் போதும்.

பிரபா


விடுதி
9 ஜூலை 2024

ஆயா,

முடிந்தது. பட்டம் தந்துவிட்டார்கள். இனி என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாம்.

அம்மா மட்டும் வந்தாள். பக்கத்து நாற்காலி கடைசி வரை காலியாக இருந்தது. ஒருவர் வந்து உட்காரலாமா என்று கேட்டார், அம்மா "ஆள் வருது" என்று அவரை அனுப்பிவிட்டாள். நான் பேசிக்கொண்டே அதைப் பார்த்தேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய்.

பிரபா


கேம்ப்
16 ஜூலை 2024

பிரபாவுக்கு.

சொல்லைக் காப்பாற்றினேன் என்று எழுதியிருக்கிறாய். நடந்ததைத் தெரிந்துகொண்டு பேசு.

நான் வருவதாகத்தான் இருந்தேன். உன்னை மன்னித்து இல்லை. ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாயிற்று, வராவிட்டால் என் பேர்தான் நாறும். பச்சைப் புடவையை எடுத்து மடித்து வைத்திருந்தேன். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு நாள் டேங்கர் வரவில்லை, வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்று விடிகாலையிலேயே வரும் என்றார்கள். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டே வில்லை வாங்கி நின்றேன். குடம் வைத்துவிட்டு வர முடியாதே, உன் மேடம் புண்ணியத்தில். செல்வியை, "நீ கிளம்பு, நான் பின்னாலயே ஆட்டோவில வர்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

டேங்கர் வரும்போதே எட்டரை ஆகிவிட்டது. என் எண் பின்னால் இருந்தது. முன் எண் வாங்கியிருந்த ஜலஜா பக்கத்தில் நின்றாள். அவள் என் புடவையைப் பார்த்தாள்.

"என்னா ஆயா, டாக்டரம்மா பரீட்சை இன்னைக்கா? செல்வியக்கா சொல்லுச்சு."

நான் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

"இந்தா, என் வில்லைய வாங்கிக்கிட்டு ஜல்தி புடிச்சுட்டு ஓடு. நான் பின்னாடி நிக்கிறேன். எனக்கென்ன புதுசா?"

கிண்டலாகச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் கிண்டல் இல்லை. அது இன்னும் எரிந்தது. வில்லையை என் கைப்பக்கம் நீட்டிக்கொண்டே நின்றாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"உன் எண்ணு உன்கிட்டயே இருக்கட்டும்டி" என்றேன்.

"அட, போ ஆயா. ஒரு நாளுதானே."

"என் எண்ணு வரும்போது நான் புடிச்சுக்கிறேன்."

வாங்கியிருக்கலாம். வாங்கினால் நேரத்துக்கு வந்திருப்பேன், உன் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் அந்த நேரம் யார் தலையில் ஏறும் என்று நீ எனக்கு எழுதித் தந்திருக்கிறாயே. அவள் தலையில் இன்னொரு நாளையும் ஏற்றிவிட்டு வந்து, அதே கதையை நீ இங்கிலீஷில் சொல்வதை உட்கார்ந்து கேட்கச் சொல்கிறாயா? உன் கணக்கு சரி என்று நான் ஒத்துக்கொண்டதாக நினைக்காதே. நான் முன்னால் விட்டது ஒவ்வொன்றும் நியாயம்தான், நாளைக்கு என் கையில் குழாய் வந்தால் அப்படியேதான் விடுவேன். அவளிடம் கை நீட்டி வாங்க எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்குக் குடம் நிரம்பியது. எனக்குப் பாதியில் குழாய் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து மணி பார்த்தேன், பதினொன்று தாண்டியிருந்தது. புடவையை அவிழ்த்துக் கொடியில் போட்டேன்.

மத்தியானம் செல்வி வந்து சொன்னாள். நீ நிமிர்ந்து நின்று பேசினாயாம். ஒரு தாடிக்காரர் குறுக்கே குறுக்கே கேட்டாராம், நீ அசரவில்லையாம். எல்லோரும் எழுந்து கை தட்டினார்களாம். உன் அம்மா அதைச் சொல்லும்போது அழுதாள். நான் அழவில்லை. டாக்டர் ஆகிவிட்டாள் என்று வாசலில் நின்று நாலு பேருக்குச் சொன்னேன், சொல்ல வேண்டிய முறைக்கு.

அடுத்த வாரம் வரட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டு அனுப்பியிருக்கிறாய். வாசலை மிதிக்காதே என்று நான் எழுதியது அப்போது. இப்போது யார் எங்கே நிற்பது என்று சொல்ல நான் யார்? வருவதென்றால் வா. வா என்று வாய் நிறையச் சொல்வேன், பாயும் விரிப்பேன். குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்காதே. இந்த வீட்டுக்கு வில்லை முறைப்படி வரும் தண்ணீர் மூன்று பேருக்குத்தான் போதும். என்னையும் உன் அம்மாவையும் கழித்தால் மீதி உன் அப்பாவுக்கு. உன்னை நான் சேர்க்கவில்லை.

வீராயி